அச்சுக்கூடத்தின் அன்றாட அப்பம்
மிஷன் அச்சகங்கள் வாழ்ந்த வழி: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

தமிழ்த் திருச்சபையின் அச்சு வரலாற்றை எழுதுவோர் 'முதல்' என்னும் சொல்லையே பெரிதும் நாடுகின்றனர். தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முற்றுப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' 1841இல் உதித்தது. இவை நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்திகளே. ஆயினும், தொடங்கப்பட்ட அச்சகம் இரண்டாம் ஆண்டும் இருபதாம் ஆண்டும் எவ்வாறு நடந்தது என்னும் வினாவை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு எழுப்பவில்லை.

அச்சகம் மற்றைத் தருமங்களைப் போன்றதன்று. ஆலயம் ஒருமுறை கட்டப்பட்டால் சிறிய பழுதுபார்ப்புடன் நூறாண்டு நிற்கும். அச்சகமோ நாள்தோறும் தாளையும் மையையும் ஈயத்தையும் உண்டு வாழ்வது. எழுத்துக் கோப்பவருக்கும், அச்சடிப்பவருக்கும், கட்டடம் செய்பவருக்கும் கூலி தரவேண்டும். தாள் வாங்கிய நாளுக்கும் புத்தகம் விற்றுக் காசாகும் நாளுக்கும் இடையே பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், செல்லும். அக்காலமெல்லாம் பணம் அலமாரியில் புத்தகமாக முடங்கிக் கிடக்கும். ஆகவே அச்சகத்தை நன்கொடையாகப் பெறுவது எளிது; அதற்கு அன்றாட அப்பம் தேடுவதே அரிது.

தரங்கம்பாடி, வேப்பேரி, சீராம்பூர், யாழ்ப்பாணம், சென்னை ஆகிய ஐந்து இடங்களில் நடந்த முயற்சிகளை இவ்வொரு கோணத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வோரிடத்தும் மூன்று வினாக்களை எழுப்புவோம். முதலீடு எங்கிருந்து வந்தது? அன்றாடச் செலவை ஈடுசெய்தவர் யார்? பணம் தந்தவர் அச்சிடப்படும் பொருளின்மீது எத்தகைய அதிகாரம் செலுத்தினார்?

1. தரங்கம்பாடியும் ஆலேயும்

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, ஓலையில் எழுதிப் பரப்புவதன் செலவையும் காலத்தையும் கண்டு, அச்சு இயந்திரத்தை வேண்டி ஐரோப்பாவுக்கு எழுதினார். இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் இயந்திரத்தையும் தாளையும் அனுப்பிவைத்தது. அவற்றைச் சுமந்துவந்த கப்பல் பிரேசில் நாட்டுக் கரையருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீண்டது. உடன் அனுப்பப்பட்ட யோனாஸ் பிங்க் என்னும் அச்சர் நன்னம்பிக்கை முனையருகே காய்ச்சலால் மாண்டார். இயந்திரம் 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியிலுள்ள ஆலே நகரில் வார்க்கப்பட்டு மறு ஆண்டில் வந்தன.

இங்கேதான் முதல் பொருளாதாரச் சிக்கல் எழுந்தது. ஆலேயில் வார்க்கப்பட்ட எழுத்துகள் பெரியவை. அவற்றைக்கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால், கையிருப்பிலுள்ள தாள் போதாது. நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. எஞ்சிய பகுதிக்காக, ஆட்லர் என்னும் எழுத்து வார்ப்பவர் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். இதற்குரிய ஈயம், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து அனுப்பப்பட்ட பெட்டிகளின் தகட்டிலிருந்து கிடைத்தது என்பர். எழுத்தின் உருவம் அழகைப் பற்றியது மட்டுமன்று, தாளின் விலையைப் பற்றியதுமாகும் என்பதைத் தமிழுலகம் கற்றுக்கொண்ட இடம் பொறையாறு எனலாம். தாளையும் இங்கேயே செய்துகொள்ள ஓர் ஆலை நிறுவப்பட்டது. ஆனால் அது நெடுநாள் நீடிக்கவில்லை.

தரங்கம்பாடி அச்சகத்தின் அன்றாடச் செலவை ஏற்றவர் மூவர்: டென்மார்க்கு அரசர், இலண்டன் சங்கம், ஆலேயைச் சேர்ந்த பக்தி இயக்கத்தார். இவர்களுள் ஆலேயாரின் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஆகஸ்ட் எர்மன் பிராங்கே அங்கே நிறுவிய அனாதைச் சாலை, வெறும் காணிக்கையை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதற்கெனப் புத்தகக் கடையும், அச்சகமும், மருந்துச் சாலையும் இருந்தன. அவற்றின் வருவாய் பிள்ளைகளுக்கு உணவாயிற்று. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஆலேயில் தொடர் வெளியீடாக அச்சிடப்பட்டன. ஐரோப்பிய வாசகர்கள் அவற்றைப் படித்து இரங்கி உதவினர். ஆக, தமிழகத்தில் அச்சகம் நடப்பதற்கு வேண்டிய பணத்தை, தமிழகத்தைப் பற்றிய அச்சுநூலே ஈட்டித் தந்தது.

அதே 1710இல் கான்ஸ்டைன் பிரபு ஆலேயில் ஒரு வேதாகம நிறுவனத்தை ஏற்படுத்தினார். அக்காலத்தில் ஒரு பக்கம் அச்சானதும் எழுத்துகளைக் கலைத்து அடுத்த பக்கத்துக்குப் பயன்படுத்துவது வழக்கம். மறுபதிப்பு வேண்டின் மீண்டும் முதலிலிருந்து கோக்கவேண்டும். கான்ஸ்டைனோ, நன்கொடையைக்கொண்டு மிகுதியான எழுத்துகளை வாங்கி, கோத்த பக்கங்களைக் கலைக்காமலே வைத்தார். இதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் தாள், மை, அச்சுக்கூலி ஆகியவற்றின் செலவே எஞ்சியது. 1712இல் வெளிவந்த புதிய ஏற்பாடு இரண்டு குரோஷன் என்னும் சிறு விலைக்கு விற்கப்பட்டது. முதலீடு நன்கொடையால், தொடர்செலவு விற்பனையால். இவ்வொரு பிரிவினை அந்நிறுவனத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்தது.

ஆலேயில் விளங்கிய இம்முறை தரங்கம்பாடியில் வேரூன்றவில்லை. அதற்குக் காரணம் அறியாமையன்று. சீகன்பால்கு 1719இல் மறைந்தபோது தமிழ்ச் சபையில் இருந்தவர் சில நூறு பேரே. அவருள் எழுத்தறிந்தவர் சிலர். விலைகொடுக்க வல்லவர் அவரினும் சிலர். வாங்குவோர் இல்லாத இடத்தில் விற்பனையால் அச்சகம் வாழ்வதெங்ஙனம்? எனவே அச்சகம் கடல்கடந்த காணிக்கையையே நோக்கி நின்றது. ஆயினும் அக்காணிக்கை இல்லாதிருந்தால், தமிழ் வேதாகமம் சந்தை உருவாகும்வரை காத்திருந்திருக்கும். இதனையும் நாம் மறத்தலாகாது.

2. வேப்பேரி: அரசின் கை

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனை இயக்கத் தெரிந்தவர் கோட்டையில் இல்லை. எனவே வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியஸ் ஐயரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அரசுக்கு வேண்டிய அச்சுவேலையை முன்னுரிமையுடன் செய்துதர வேண்டும் என்பது நிபந்தனை. 1766இல் இலண்டன் சங்கம் வேறோர் இயந்திரத்தை அனுப்பியபின், முதல் இயந்திரம் கோட்டைக்கே திரும்பிற்று.

இந்நிகழ்ச்சி சிறியது, ஆனால் இயந்திரத்தின் உரிமையாளர் யாரோ அவர் வேலை முன்வரிசையில் நிற்கும் என்பதை அது காட்டுகிறது. வேதாகமத்தின் படிகளும் கம்பெனியின் அறிவிப்புகளும் ஒரே இயந்திரத்துக்குக் காத்திருந்தால், எது பின்னுக்குத் தள்ளப்படும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்புத் தொண்டு நாம் அறிந்ததே. 1779இல் வெளிவந்த அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியும் நிலைத்த புகழுடையது. ஆனால் நுண்மையான சொல்லாய்வாளராகிய அவர், பண விவகாரத்தில் பிறரை எளிதில் நம்பினார். முதுமையில் கடன்சுமையில் சிக்கிச் சிறைவாசமும் அனுபவித்தார். அக்கடன் அச்சகத்தால் நேர்ந்ததன்று. எனினும், சொல்லைக் காக்கும் கையே கணக்கையும் காக்கும் என்று எதிர்பார்ப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு அவர் வாழ்வு ஒரு துயரச் சான்று. அவர் 1791இல் மறைந்தார்.

3. சீராம்பூர்: சொந்தக் காலில் நின்ற அச்சகம்

தரங்கம்பாடியைப் போலவே டேனிய ஆட்சியிலிருந்த மற்றோர் ஊர், வங்காளத்திலுள்ள சீராம்பூர். ஆங்கிலக் கம்பெனியின் எல்லைக்குள் இடம் பெறாத கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1800இல் இவ்வூரில் குடியேறினர். தரங்கம்பாடியார் கடல்கடந்து கைநீட்டிய இடத்தில், இவர்கள் உள்ளூரிலேயே உழைத்து ஈட்டும் வழியை மேற்கொண்டனர்.

வருவாய் மூன்று வாய்க்கால்களில் வந்தது. கேரி கல்கத்தாவிலுள்ள வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1801 முதல் மாதம் 500 ரூபாயும், பின்னர் 1,000 ரூபாயும் ஊதியம் பெற்றார். மார்ஷ்மனும் அவர் துணைவியாரும் நடத்திய விடுதிப் பள்ளிகள் நல்ல வருமானம் தந்தன. தொழில்முறை அச்சரும் பத்திரிகையாசிரியருமாகிய வார்டின் பொறுப்பிலிருந்த அச்சகம், கல்லூரிக்கும் அரசுக்கும் வேதாகமச் சங்கத்துக்கும் கூலிக்கு அச்சிட்டது. மூவரும் தங்கள் வருவாயைப் பொதுப்பணப்பையில் இட்டு, குடும்பச் செலவுக்குச் சிறுதொகை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1805இல் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையிலும் இக்கொள்கையை நிலைநிறுத்தினர்.

எழுத்து வார்ப்பிலும் அவர்கள் பிறரை நம்பியிருக்கவில்லை. பஞ்சானன் கர்மகார் என்னும் கொல்லரும், அவருக்குப்பின் அவர் மருமகன் மனோகரும் இந்திய மொழிகள் பலவற்றுக்கு அச்சுளி வெட்டினர். அவ்வார்ப்படச் சாலை மற்ற அச்சகங்களுக்கும் எழுத்துகளை விற்றது. அச்சகத்துக்கு வேண்டிய பொருளே விற்பனைப் பொருளாகவும் ஆயிற்று.

1812 மார்ச் 11ஆம் நாள் இரவு அச்சகம் தீக்கிரையாயிற்று. தாளும், எழுத்துகளும், பல்லாண்டு உழைத்த கைப்பிரதிகளும் சாம்பலாயின. அழிந்த எழுத்துகளுள் தமிழெழுத்தும் ஒன்று; அப்போது அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிக்கொண்டிருந்தது. ஆனால் இயந்திரங்களும் எழுத்து வார்ப்பதற்குரிய அச்சுளிகளும் தப்பின. உருகிய ஈயமும் சாம்பலிலிருந்து திரட்டப்பட்டது. சில வாரங்களிலேயே வார்ப்பு வேலை மீண்டும் தொடங்கிற்று. பிரிட்டனில் இழப்புத்தொகை விரைந்து திரட்டி அனுப்பப்பட்டது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் வெளிவந்தது. கைத்திறனும் கருவியும் உள்ளூரில் இருந்தமையால்தான் வந்த காணிக்கை உடனே பயன்பட்டது என்பதை இங்குக் குறித்துக்கொள்வோம்.

தாளைச் செல்லும் பூச்சியும் அரிப்பதைக் கண்டு, அவர்கள் சொந்தமாகத் தாள் செய்தனர். 1820இல் அத்தாளாலைக்கு நீராவி இயந்திரம் ஒன்றை வருவித்தனர். பொறையாற்றில் நிலைக்காத முயற்சி ஒரு நூற்றாண்டுக்குப்பின் சீராம்பூரில் நிலைத்தது. அச்சகத்துக்கு ஆண்டு முழுதும் வேலை இருந்ததே இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை.

ஆனால் இம்முறையிலும் இரு முட்கள் இருந்தன. முதலாவது, சொந்த உழைப்பால் வாங்கிய சொத்து யாருடையது என்னும் வழக்கு. இங்கிலாந்திலிருந்த சங்கத்தின் புதிய தலைமைக்கும் சீராம்பூராருக்கும் இதுபற்றிப் பிணக்கு வளர்ந்து, 1827இல் இருதரத்தாரும் பிரிந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் இணைந்தனர். தன்னிறைவு தன்னுரிமையைத் தந்தது. அத்தன்னுரிமையே சகோதரரிடையே பிளவுக்கும் வாயிலாயிற்று. இரண்டாவது, வணிக உலகின் காற்று அவர்களையும் தாக்கிற்று. 1830 முதல் கல்கத்தாவின் பெருவணிக நிறுவனங்கள் வரிசையாக முறிந்தபோது, அவற்றில் இடப்பட்டிருந்த சீராம்பூர் நிதியும் இழப்புற்றது.

4. யாழ்ப்பாணம்: கைமாறிய அச்சும் எதிரணியின் அச்சும்

அமெரிக்க மிஷனெரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களுக்கென 1820இல் அனுப்பப்பட்ட காரெட் என்னும் அச்சரைத் தங்கவிடாமல் பிரிட்டிஷ் ஆட்சியாளர் வெளியேற்றினர். 1834இல் தடை நீங்கியபின், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் மைனர் என்பவரின் மேற்பார்வையில் பெருவளர்ச்சி கண்டது. 1841 ஜனவரியில் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்களாகிய என்றி மார்ட்டினும் சேத் பேசனும், அமெரிக்கப் பெயர் சூட்டப்பெற்ற தமிழர். துண்டுப் பிரதிகளைப் போல் இலவசமாகத் தூவப்படாமல், சந்தாவை நாடும் இதழாக அது வந்தது. வாசகர் தொடர்ந்து விரும்பினாலன்றிச் சந்தா தொடராது. ஆகவே அவ்விதழில் சமயத்துடன் கல்வி, விஞ்ஞானம், நாட்டு நடப்பு ஆகியனவும் இடம்பெற்றன.

1855இல் பாஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் தூதுக்குழு, மிஷன் பணத்தைப் பெரிய நிறுவனங்களில் முடக்காமல் கிராமச் சபைகளுக்குச் செலவிட வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தியது. வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. மானிப்பாய் அச்சகமும் மிஷனின் கையைவிட்டு உள்ளூர்க் கிறிஸ்தவரிடம் சென்றது. பிற்கால மானிப்பாய் நூல்களின் முகப்பில் ரிப்ளி, ஸ்டிராங்கு, ஆஸ்பரி என்னும் அச்சிடுவோர் பெயர்களைக் காண்கிறோம். அன்னிய நிதி விலகிய பின்னும் அச்சு நின்றுவிடவில்லை. 'உதயதாரகை'யும் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து வெளிவந்தது. தொழில் அறிந்தவரும் வாசிக்கப் பழகியவரும் அதற்குள் உருவாகியிருந்தனர்.

இதே காலத்தில் எதிரணியிலிருந்தும் ஒரு பாடம் வந்தது. வெஸ்லியன் மிஷனின் பெர்சிவல் ஐயருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டில் சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கிவந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை ஏற்படுத்தினார். இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த கட்டுப்பாடுகள் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்ந்தபின், தமிழகத்திலும் இத்தகைய அச்சகங்கள் பெருகின. நாவலரின் முறை தெளிவானது. பள்ளி வாசகரை உருவாக்கும். 'பாலபாடம்' போன்ற பாடநூல்கள் பள்ளிக்கு வேண்டியன. இலக்கியப் பதிப்புகளுக்குச் செல்வர்களின் ஆதரவு துணைநிற்கும். மிஷனெரிகளிடம் கண்ட பள்ளி, பாடநூல், அச்சகம் என்னும் முக்கூட்டை அவர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்.

5. சென்னை: விலையின் இறையியல்

இதுகாறும் கண்ட அனுபவங்களைக் கோவைப்படுத்திக் கொள்கையாக்கியவர் ஜான் மர்டாக்கு எனலாம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த இவர் 1844இல் இலங்கைக்கு ஆசிரியப் பணிக்கு வந்து, அப்பதவியைத் துறந்து துண்டுப் பிரதி வெளியீட்டில் இறங்கினார். இலவசமாகக் கொடுக்கப்படும் தாள் பொட்டலம் கட்டவே பயன்படும். சிறுகாசாயினும் கொடுத்து வாங்கியவன் படிப்பான் என்பது அவர் கருத்து. எனவே விற்பனையையே வலியுறுத்தினார். 1858இல் தோன்றிய கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் முகவராக இந்தியா முழுதும் சுற்றினார். புத்தகங்களைச் சுமந்து ஊரூராய்ச் சென்று விற்போரை ஏற்படுத்துதல், மலிவான பள்ளி வாசகங்களை வெளியிடுதல் ஆகியன அவர் வழிகள். அதுவரை அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி அவர் 1865இல் வெளியிட்ட பட்டியல், இன்று நமக்கு ஆய்வுக் கருவி; அன்று அவருக்கோ, சந்தையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அறியும் வணிகக் கருவியுமாகும். அச்சங்கம் 1891இல் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது.

விலை வைப்பது சுவிசேஷத்தை வாணிபமாக்குவதன்றோ என்று சிலர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கிருபை இலவசமானது, ஏழையின் கையில் காசில்லை. ஆயினும், தாள் இலவசமன்று. எழுத்துக் கோப்பவரின் பிள்ளைகளும் பசித்திருப்பர். இலவசப் பிரதியின் செலவையும் யாரோ ஒருவர் ஏற்கிறார். அவர் தொலைவில் இருப்பாராயின், எதை அச்சிடலாம் என்பதைத் தொலைவிலுள்ளவரே தீர்மானிப்பர். வாசகன் தரும் சிறுகாசு, அவனுக்கும் அத்தீர்மானத்தில் ஒரு பங்கைத் தருகிறது. விலை அவ்வகையில் வாசகனுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

அதேவேளை, விற்பனையால் ஒருபோதும் ஈடுகட்ட இயலாத நூல்களும் உண்டு. 1862இல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்டு என்பவர் அச்சிட்ட வின்சுலோ அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதற்குப் பின்னாலுள்ள பல்லாண்டு உழைப்பை எந்த விலையும் திருப்பித் தந்திருக்க இயலாது. விற்பனையையே ஒரே அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய நூல்கள் பிறவா. நன்கொடைக்கு உரிய இடம் இதுவே.

பாடநூல் வருவாயும் என்றும் நிலைத்ததன்று. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அரசால் தொடங்கப்பட்டபின், பள்ளிப் பாடநூல் வெளியீட்டின் பெரும்பகுதி அரசின் கைக்குச் சென்றது. பாடநூலின் நிழலில் பிற நூல்களை வளர்த்த பழைய முறை அத்துடன் வலுவிழந்தது. ஒரே வாய்க்காலை நம்பிய வயலின் நிலை இது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபுகள் மூன்று. முதலாவது, நன்கொடை முதலீட்டுக்கும் விலைபோகாத அரிய நூல்களுக்கும் உரியது. அன்றாடச் செலவை வாசகரே தாங்கும் நிலையை நாடவேண்டும். இரண்டாவது, வருவாய் வாய்க்கால்கள் பலவாதல் வேண்டும். அரசு வேலையாயினும், அன்னிய நிதியாயினும், பாடநூலாயினும், ஒன்றையே நம்பிய அச்சகம் அவ்வொன்று வற்றியபோது தளர்ந்தது. மூன்றாவது, வாசகரை உருவாக்காமல் நூலை மட்டும் உருவாக்குவது வீண். தரங்கம்பாடிக்கும் மானிப்பாய்க்கும் இடையிலுள்ள வேறுபாடு, நூறாண்டுப் பள்ளிப் பணியின் வேறுபாடே.

இன்று ஈய எழுத்துகள் மறைந்துவிட்டன. வேண்டிய சில பிரதிகளை மட்டும் கணினிவழி அச்சிடும் வசதி வந்துள்ளது. வேதாகமம் கைபேசியில் காசின்றிக் கிடைக்கிறது. புத்தகம் அலமாரியில் முடங்கும் துன்பம் குறைந்துள்ளது. ஆனால் எழுதுபவரின் காலத்துக்கும், பிழைதிருத்துபவரின் கண்ணுக்கும், மொழிபெயர்ப்பவரின் உழைப்புக்கும் இன்றும் விலையுண்டு. அவ்விலையை யார் தருவது என்னும் வினா தரங்கம்பாடியில் எழுந்தவாறே நம்முன்னும் நிற்கிறது. நம் சபைகள் பலவற்றில் திருமண்டல இதழுக்கு ஆண்டுச் சந்தா கேட்கும்போது, அது கட்டாயக் காணிக்கைபோல் கருதப்படுகிறது. இறையியல் நூலோ இலவசமாய் வந்தால் மட்டுமே பெறப்படுகிறது. போதகர் ஒருவர் தம் நூலகத்துக்கென ஒரு தமிழ் இறையியல் நூலை விலைகொடுத்து வாங்கும்போது, அடுத்த நூல் எழுதப்படுவதற்கு அவர் வழிசெய்கிறார். கோபுரம் கட்டக் கருதுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமையை நாம் சீஷத்துவத்துக்கு மட்டுமே பொருத்திப் பிரசங்கிக்கிறோம். சபையின் வெளியீட்டுக் குழுக்களும் தங்கள் ஆண்டுக் கணக்கை முன்வைத்து அவ்வுவமையைத் தியானிப்பது நலம்.